ஒரே டேபிளில் அடுத்தடுத்த இரண்டு பதிவுகளுக்கு இடையிலான நேர வித்தியாசத்தை மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் எப்படி எடுப்பது?

நீங்களும் இரண்டு நேரங்களுக்கும் நடுவே மைனஸ் போட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு விசித்திரமான எண் வந்ததால்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதே கதைதான்.

ஒரு நூற்பாலையின் வருகைப்பதிவு ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கு வெளியே போகும்போது மெஷினில் விரல் வைத்து ஒரு பஞ்ச், திரும்பி வரும்போது ஒன்று. இரண்டையும் கழித்தேன். எர்ரர் வரவில்லை, எண் வந்தது. விநாடி என்று நினைத்து 60ஆல் வகுத்தேன். சோதித்தது எப்படித் தெரியுமா? மெஷினில் என் விரலையே பத்து, இருபது விநாடி இடைவெளியில் வைத்து வைத்து எடுத்துப் பார்த்தேன். கணக்கு கச்சிதமாக இருந்தது!

முதல் நாள் ரிப்போர்ட்டில், 12:58க்குப் போய் 1:28க்குத் திரும்பியவர் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் வெளியே இருந்ததாக வந்தது. மைஎஸ்கியூஎல் நேரத்தை வெறும் எண்ணாக மாற்றிக் கழிக்கிறது: 13:28:00 என்பது 132800, அதிலிருந்து 12:58:00க்கான 125800 போனால் 7000. அதை விநாடி என்று எடுத்தால் 116 நிமிடம். ஒரே நிமிடத்துக்குள் வைத்த என் விரலுக்கு மட்டும்தான் அது சரி. மேனுவலைப் படித்திருக்கலாமே என்று யாராவது கமெண்ட் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், படிக்கவில்லை.

சரி, வழி இதுதான். லேக் ஃபங்ஷனால் முந்தைய பதிவின் நேரத்தை இதே வரிசைக்குக் கொண்டுவாருங்கள். அதை அடுத்து வரும் ஓவர் என்ற பகுதிக்குள் பார்ட்டிஷன் பை ஊழியர் எண், ஆர்டர் பை பஞ்ச் நேரம். பார்ட்டிஷன் விட்டுப்போனால் முருகன் வெளியே போன நேரமும் செல்வி உள்ளே வந்த நேரமும் ஜோடி சேர்ந்துவிடும். அப்புறம் நேர வித்தியாசம் எடுக்கும் டைம்ஸ்டாம்ப்டிஃப் ஃபங்ஷன், அலகு செகண்ட், பழைய நேரம் முதலில், புதியது பிறகு. மினிட் என்று கொடுத்தால் மீதி விநாடிகளை வெட்டிவிடும், ஒவ்வொரு பஞ்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் குறையும். விநாடியில் கூட்டிக் கடைசியில் வகுங்கள். முதல் பதிவுக்கு முந்தையது இல்லாததால் நல், அதாவது வெற்று மதிப்பு, வரும், அதைப் பூஜ்யமாக்க வேண்டாம்.

அந்த வருகைப்பதிவுக் கணக்கைத் திருத்த நான் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்தேன். எனக்கு ஓவர்டைம் கேட்டதற்கு, "ஐடியில ஏதுப்பா அதெல்லாம்" என்றார் மேனேஜர். போகட்டும்.

லேக் மைஎஸ்கியூஎல் 8.0 முதல்தான் உண்டு. உங்களுடையது 5.7 என்றால், அதே டேபிளை அதனுடனே ஜாயின் செய்து, முந்தைய நேரங்களில் மேக்ஸ் எடுக்க வேண்டியதுதான். ஊழியர் எண்ணும் நேரமும் சேர்ந்த இண்டெக்ஸ் இல்லாமல் அதை ஓட்டாதீர்கள்.