அடாப்டர் புரதம், அதாவது மற்ற புரதங்களை ஓரிடத்தில் சேர்த்துப் பிடிக்கும் புரதம், தானாக எந்த வேலையும் செய்வதில்லை. பிறகு டி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுவை எப்படி ஆட்டிவைக்கிறது?

தொண்டியிலிருந்து ஒரு முதுகலை மாணவி இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். நொதித் திறனே இல்லாத லாட் (LAT) என்ற அடாப்டர் புரதம் டி செல் ஏற்பியின் சமிக்ஞையை எப்படிக் கட்டுப்படுத்துகிறது? அவருடைய வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காணும் சோதனை) பாஸ்பேட் ஏறிய லாட் ஏன் தெரியவில்லை? முதல் கேள்விக்கான விடை புரிந்தால் இரண்டாவதில் பாதி தீர்ந்துவிடும்.

பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் ஆயிரங்கால் தூண்டில் பார்த்திருப்பீர்கள். நீளக் கயிறு மீன் பிடிப்பதில்லை. அதில் எந்த இடத்தில் என்ன கொக்கி தொங்குகிறது, இரை எப்போது கோக்கப்பட்டது என்பதை வைத்துத்தான் எந்த மீன் சிக்கும் என்பது அமையும். லாட் அந்தக் கயிறு. அதிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் கொக்கிகள். பாஸ்பேட் இரை. இரை கோப்பது ஜாப்-70 என்ற கைனேஸ், அதாவது பாஸ்பேட் ஏற்றும் நொதி.

ஜாப்-70 சும்மா வந்து நிற்காது. ஏற்பியோடு சேர்ந்த சிடி3 சங்கிலிகளில் மொத்தம் 10 ஐடாம் துண்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு டைரோசின்கள். அவற்றில் எல்சிகே என்ற கைனேஸ் பாஸ்பேட் ஏற்றிய பிறகே ஜாப்-70 அங்கே ஒட்டும். லாட்டும் செல் சவ்விலேயே இருந்தாக வேண்டும். அதன் சங்கிலியில் 26, 29-ஆம் இடங்களில் உள்ள சிஸ்டீன் அமினோ அமிலங்கள் இரண்டிலும் ஏறும் பால்மிடேட் கொழுப்புதான் அதற்கு உதவுகிறது. இரண்டையும் மாற்றிவிட்டால் லாட் சவ்வுக்குப் போய்ச் சேராது, ஜாப்-70 எதிரில் இருந்தும் பயனில்லை.

இனிக் கொக்கிகள். மனித லாட்டில் முக்கியமானவை டைரோசின் 132, 171, 191, 226. முதலாவதில் பிஎல்சி-காமா-1 என்ற நொதி ஒட்டும். மற்ற மூன்றிலும் கிரப்-2 என்ற அடாப்டர் ஒட்டும், ஏனென்றால் அங்கே டைரோசினுக்கு அடுத்த இரண்டாம் இடத்தில் அஸ்பராஜின் இருக்கிறது. கிரப்-2-இன் எஸ்எச்-2 பகுதி தேடுவது அதைத்தான். 171, 191 இரண்டிலும் காட்ஸ் என்ற இன்னொரு அடாப்டரும் ஒட்டி, எஸ்எல்பி-76 என்ற மூன்றாவது அடாப்டரைக் கையோடு இழுத்து வரும்.

தூண்டில் உவமை இங்கே அறுந்துவிடுகிறது. கொக்கியில் சிக்கிய மீனுக்குப் பக்கத்து மீனின் தயவு வேண்டியதில்லை. பிஎல்சி-காமா-1-க்கு வேண்டும். 132-இல் மட்டும் ஒட்டினால் அது நிலைக்காது, வேலையும் செய்யாது. பக்கத்துக் கொக்கி வழியாக வந்த எஸ்எல்பி-76-இன் டைரோசின் 145-இல் ஐடிகே என்ற கைனேஸ் உட்கார்ந்து, பிஎல்சி-காமா-1-இன் டைரோசின் 783-இல் பாஸ்பேட் ஏற்ற வேண்டும். அதன் பிறகுதான் செல்லுக்குள் கால்சியம் ஏறும். ஒரு சாஸ் புரதம் இரண்டு கிரப்-2-ஐப் பிடிக்கக்கூடியது என்பதால் லாட்டுகள் ஒன்றோடொன்று கோத்து வலைபோல் திரள்வதும் உண்டு.

காலத்தையும் லாட்டே அளக்கிறது, இதுதான் எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம். 132-க்கு முன்னால் 131-இல் கிளைசின் இருப்பதால் ஜாப்-70 அந்த டைரோசினில் மெதுவாகவே பாஸ்பேட் ஏற்றுகிறது. ஆன்டிஜென் (டி செல் அடையாளம் காணும் அந்நியப் பொருள்) சற்று நேரம் ஒட்டி நின்றால்தான் அந்தக் கொக்கிக்கு இரை ஏறும்; தொட்டுவிட்டுப் போகும் சொந்தப் புரதத்துக்கு ஏறாது. அந்தக் கிளைசினை அஸ்பார்டேட்டாக மாற்றினால் பலவீனமான தூண்டலுக்கும் டி செல் பதில் சொல்ல ஆரம்பிக்கிறது.

நிறுத்தும் வேலையும் அடாப்டர் மேல்தான் நடக்கிறது. எச்பிகே-1 என்ற கைனேஸ் எஸ்எல்பி-76-இன் செரின் 376-இல் பாஸ்பேட் ஏற்றும். 14-3-3 புரதம் அதில் ஒட்ட, கூட்டம் கலையும்.

ஒரு கொக்கியை அறுத்தால் சமிக்ஞை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள். எலியில் லாட்டை முழுவதும் நீக்கினால் தைமஸில் டி செல் வளர்ச்சி ஆரம்பக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது. மனித 132-க்கு இணையான 136-ஐ மட்டும் ஃபினைல்அலனினாக மாற்றிய எலிகளில் நடந்தது வேறு என்று 2002-இல் தெரிந்தது: டிஎச்-2 வகை டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகின, ஐஜி-ஈ என்ற ஆன்டிபாடி எகிறியது. முடுக்கும் கம்பியோடு தடுக்கும் கம்பியும் அதே கயிற்றில்தான் ஓடுகிறது.

  

இப்போது உங்கள் பிளாட். ஜுர்காட் செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித டி செல்கள்) மில்லிக்கு 1 கோடி வீதம் எடுத்து 37 டிகிரியில் 10 நிமிடம் சூடேற்றி, டி செல் ஏற்பியைத் தூண்டும் ஓகேடி-3 ஆன்டிபாடி சேர்த்து 0, 1, 2, 5, 10 நிமிடங்களில் நிறுத்துங்கள். உச்சம் முதல் ஓரிரு நிமிடங்களில் வந்துபோய்விடும். 15 நிமிடம், 30 நிமிடம் என்று மட்டும் எடுத்திருந்தால் வெறும் கயிற்றைத்தான் பார்த்திருப்பீர்கள். நிறுத்தும்போது செல்களைச் சுழற்றி அடியில் இறக்கிவிட்டு, செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபர் ஊற்றக் கூடாது. அதற்குள் பாஸ்படேஸ்கள் பாஸ்பேட்டைத் தின்றுவிடும். இரட்டைச் செறிவுள்ள குளிர்ந்த பஃபரை நேராகக் குழாயில் ஊற்றுங்கள். குழாய் நிற்கும் ஐஸ் பாளமாக இருந்தால் இடைவெளி விழும். மீன் பெட்டிக்கு உடைப்பதுபோல் தூளாக்கி, கொஞ்சம் தண்ணீரும் விடுங்கள்.

பாஸ்படேஸ்களைத் தடுக்க பஃபரில் 1 மில்லிமோலார் சோடியம் ஆர்தோவனடேட் வேண்டும். அதை பிஎச் 10-இல், மஞ்சள் நிறம் மறையும் வரை கொதிக்கவைத்துத் தயாரித்திருக்க வேண்டும். அதே பஃபரில் ஈடிடிஏ, டிடிடி சேர்த்தால் வனடேட் செயலிழக்கும். பலர் வழுக்குவது இங்கேதான்.

அடுத்த சந்தேகம் செல் சவ்வைக் கரைக்கும் டிடர்ஜென்ட். குளிர்ந்த டிரைட்டான் எக்ஸ்-100-இல் லாட்டின் பெரும்பகுதி கரையாமல் சவ்வுத் துண்டுகளோடு அடியில் போய்விடும். நீங்கள் மேல்நீரை மட்டும் ஓட்டியிருந்தால் பட்டை வராததில் வியப்பில்லை. டோடெசில் மால்டோசைடு பயன்படுத்துங்கள், அல்லது அடிமண்டியையும் எஸ்டிஎஸ்-இல் கொதிக்கவைத்து ஓட்டிப் பாருங்கள். பிளாட் தாளின் வெற்றிடங்களை மறைக்க (பிளாக்கிங்) பால்பொடி வேண்டாம், பாலிலுள்ள கேசினிலேயே பாஸ்பேட் உண்டு, பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்) போதும்.

பட்டையை 25 கிலோடால்டனில் தேடாதீர்கள். 233 அமினோ அமிலங்களுக்கு அதுதான் கணக்கு என்றாலும் லாட் ஓடுவது 36–38-இல். ஒப்பிட்டுப் பார்க்க, பாஸ்படேஸ்களைத் தடுக்கும் பெர்வனடேட் கொடுத்த செல்கள் ஒரு தடத்தில், லாட் இல்லாத ஜேகேம்-2.5 செல்கள் இன்னொன்றில் இருக்கட்டும். ஆன்டிபாடி வாங்கும்போது எண்ணையும் சரிபாருங்கள்: மனிதரில் 171, 191, 226 என்பவை எலியில் 175, 195, 235.