பில் வராத ஆறு மாதத்தைக் கடக்க ஒப்பந்தகாரருக்கு என்ன ஏற்பாடு?

கேள்வி: மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடிப் பக்கம் சிறிய கட்டட ஒப்பந்தகாரர் நான். பிரதேச சபை, மாகாணத் திணைக்கள வேலைகளோடு தனியார் வீடுகளும் கட்டுகிறேன். மிக்சரும் டிப்பரும் லீசிங்கில் ஓடுகின்றன. 2022இல் பில் முடங்கியபோது மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் மேசன்மாருக்குக் கூலி கொடுத்தேன். ஆட்சியும் விலைவாசியும் எப்போது மாறும் என்று தெரியவில்லை. இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

பதில்: முதலில் ஒரு தொகையைக் கண்டுபிடியுங்கள். ஒரு பில்கூட வராத மாதத்திலும் உங்கள் கையிலிருந்து கட்டாயம் போகிற காசு எவ்வளவு? வீட்டுச் செலவை மட்டும் பார்த்தால் கணக்குப் பிழையாகிவிடும். உதாரணமாக லீசிங் 95,000, ஓவர்டிராஃப்ட் வட்டி 30,000, வீட்டுக்கு 1,20,000 என்றால் மாதம் 2,45,000 ரூபா. இதை ஆறால் பெருக்கினால் 14,70,000.

ஏன் ஆறு மாதம்? நம் பகுதியில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை; அத்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கும், வேலை நகராது. அதற்குள்ளேயே டிசம்பர் 31இல் அரசாங்க நிதியாண்டு முடிகிறது. அதற்கு முன் தீராத பில் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்கும். தேர்தலோ அரசியல் குழப்பமோ வந்தால் வரவு செலவுத் திட்டமே தள்ளிப்போகும். 2019, 2020, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முதல் நான்கு மாதங்களுக்கு, முழு வரவு செலவுத் திட்டத்துக்குப் பதிலாக, இடைக்கால கணக்கறிக்கைதான் நிறைவேற்றப்பட்டிருந்தது. அதில் சம்பளமும் அன்றாடச் செலவும் போகும். புது வேலை எடுப்பது கடினம். ஆக, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

இந்தத் தொகை எங்கிருந்து வரும்? உங்கள் பில்லில் பிடித்து வைக்கப்படுகிற ரிடென்ஷன் காசிலிருந்து. வழக்கமான அரச ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடித்து, ஒப்பந்தப் பெறுமதியின் 5 வீதம் ஆனதும் நிறுத்துவார்கள். அதில் பாதி, வேலையை ஒப்படைக்கும்போதும், மீதி, குறைபாட்டுக் காலம் (கட்டியதில் தெரியும் பிழைகளை நீங்களே திருத்திக் கொடுக்க வேண்டிய காலம்) முடிந்த பிறகும் திரும்பும். ஒரு கோடி ரூபா வேலையில் அது 5 இலட்சம். அப்படி மூன்று வேலை என்றால் நமக்குத் தேவையான தொகை கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. ஆனால் குறைபாட்டுக் காலம் முடிகிற திகதியைக் குறித்து வைத்து, எழுத்தில் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. வாங்கினாலும் அடுத்த வேலையின் மணலுக்கும் கிறவலுக்கும் அது கரைந்துவிடும். திரும்பி வருகிற ரிடென்ஷன் முழுவதையும் தனிக்கணக்கில் போடுங்கள். அதுவரை ஒவ்வொரு பில்லிலும் 5 வீதத்தை, கடைக்காரருக்குக் கொடுக்கும் முன்பே, ஒதுக்குங்கள்.

ஒரு மாதத் தொகையைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். மீதியை மூன்று மாத நிலையான வைப்புகளாக, மாதம் ஒன்று முதிர்கிற மாதிரிப் பிரித்துப் போடுங்கள். அரசாங்கத்துக்குக் குறுகிய காலத்துக்குக் கடன் கொடுக்கிற 91 நாள் திறைசேரி உண்டியலும் நல்லது. வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைதான். ஆகவே 14 இலட்சத்தை ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். 2020இல் ஒரு நிதி நிறுவனத்தின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது, வைப்பாளர்களுக்கு அன்றைய காப்புறுதி எல்லை 6 இலட்சம்தான். அரை வீதம் கூடுதல் வட்டிக்காக இந்தப் பணத்தை எங்கும் கொண்டு போகாதீர்கள். சீட்டு வேண்டாம், காணியும் வேண்டாம். நெருக்கடியில் காணி வாங்க ஆள் இருக்காது. ரூபா விழுந்தால் தங்கம் ஏறும் என்பதால் ஒரு பங்கைத் தங்கமாக வைப்பதில் நியாயம் உண்டு. அதை நகையாக அல்லாமல் நாணயமாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் மிச்சம்.

இனி, சிறு ஒப்பந்தகாரரை விழுத்துகிற முக்கியமான விடயம்: பின்திகதியிட்ட செக். ஹாட்வெயார் கடையில் 60 நாள் செக் கொடுத்து, அதற்குள் அரச பில் வந்துவிடும் என்று நம்புகிறோம். பில் 60 நாளில் வரும் என்று ஒப்பந்தமே சொன்னாலும், திறைசேரியிலிருந்து காசு இறங்காவிட்டால் வராது. செக் மட்டும் அதன் திகதியில் வங்கிக்குப் போகும். கணக்கில் காசில்லை என்று தெரிந்தே செக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டப்படி குற்றம். அரச வேலைக்குச் செக் கடன் எடுப்பதானால், நிற்கிற செக்குகளின் மொத்தம் ஒருபோதும் உங்கள் சேமிப்புத் தொகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பொருளின் அளவைக் குறையுங்கள், வேலை மெதுவாகட்டும்.

தனியார் வீடுகளில் ஆபத்து வேறு. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிடுகிறோம். 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டதும் டொலர் 200 சொச்சத்திலிருந்து மே மாதத்தில் 360 வரை போனது. சீமெந்து மூட்டை அந்த ஆண்டு 3,000 ரூபாவைத் தாண்டியது. 450 மூட்டை போகிற வீட்டில் மூட்டைக்கு 1,000 ஏறினால் 4,50,000 நட்டம், அதுவும் சீமெந்தில் மட்டும். ஆகவே ஒப்பந்தத்தில் இப்படி எழுதுங்கள்: “கையொப்பமிடும் நாளில் சீமெந்து மூட்டை, கம்பி, தரை ஓடு ஆகியவற்றின் விலை இவை. எதுவும் 5 வீதத்துக்கு மேல் மாறினால், ஏறிய தொகையை வீட்டுக்காரர் ஏற்பார். இறங்கிய தொகை அவருக்கே கழிக்கப்படும்.” இறங்குவதையும் சேர்த்து எழுதினால் பெரும்பாலானோர் கையொப்பமிடத் தயங்குவதில்லை. அரச வேலையில் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையின் விலைத் தளம்பல் சூத்திரம் (பொருள் விலை மாறுவதற்கேற்பக் கொடுப்பனவை மாற்றும் கணக்கு) உண்டா என்பதை, விலை போடும் முன்பே ஒப்பந்தத் தரவுத் தாளில் பாருங்கள். குறுகிய கால வேலைகளில் பெரும்பாலும் இருக்காது. அங்கே உங்கள் விலையிலேயே அதைச் சேர்க்க வேண்டும்.

விலை ஏறுமென்று சீமெந்தை வாங்கிக் குவிக்காதீர்கள். கடற்காற்றும் வாவி ஈரமும் சேர்ந்து இரண்டு மூன்று மாதத்தில் கட்டிப்படுத்திவிடும். வயர், குழாய், தரை ஓடு வாங்கி வைக்கலாம்.

குடியிருக்கிற வீட்டின் உறுதியைத் தொழில் கடனுக்கு ஈடு வைக்க வேண்டாம். ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வங்கிகளுக்கு 1990இன் 4ஆம் இலக்கச் சட்டம் அதிகாரம் தருகிறது. கம்பனியாகப் பதிந்தால் தப்பலாம் என்பதும் முழு உண்மையல்ல. பணிப்பாளரின் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்டால் நீங்களே பொறுப்பாளி.

வருமானத்துக்கு மாற்று வழி: ஒரே அலுவலகத்தின் வேலை உங்கள் ஆண்டு வரவில் பாதியைத் தாண்ட விடாதீர்கள். மழை மாதங்களில் கூரை, குழாய், வயரிங் திருத்த வேலை உடன் காசு தரும். உங்களுக்கும் பிரதான மேசனுக்கும், தொழில் அனுபவத்தை வைத்தே என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழுக்கு மதிப்பீடு செய்துகொள்ளலாம். வெளிநாடு போக நேர்ந்தால் கூலியாளாக அல்லாமல் தேர்ச்சி பெற்ற தொழிலாளியாகப் போகலாம். கடவுச்சீட்டையும் அமைதியான காலத்திலேயே புதுப்பியுங்கள். 2022இல் எல்லோரும் ஒன்றாக வரிசையில் நின்றார்கள்.

ஒரு பில் 60 நாள் தாண்டினால் அதை எச்சரிக்கையாக எடுங்கள்: புது செக் நிறுத்தம், டிப்பரை நாள் வாடகைக்கு விடுதல், நிலுவை கேட்டு எழுத்தில் கடிதம். முதல் தவணை தவறும் முன்பே லீசிங் நிறுவனத்திடம் தவணைக் காலத்தை நீடிக்க எழுத்தில் கேளுங்கள். தவறிய பிறகு கேட்டால் நிலுவை, வங்கிகள் பார்க்கிற கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கையில் ஏறியிருக்கும். அடுத்த டென்டருக்குப் பிணைமுறி தர வங்கி தயங்கும்.