வாடகையா, வங்கிக் கடனா? – வாசகர் கேள்வி பதில்

மேடவாக்கத்தில் நான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். வாடகை 14,000. அடுத்த மாதத்திலிருந்து 18,000 வேண்டும், முடியாதென்றால் காலி பண்ணுங்கள் என்கிறார் ஹவுஸ் ஓனர். அட்வான்ஸ் 1 லட்சம் கொடுத்திருக்கிறோம். நல்ல மனுஷர் என்று நம்பி எதையும் எழுதி வாங்கவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, சென்னை

உங்கள் கேள்வியில் என்னை வருத்தப்பட வைத்தது அந்தக் கடைசி வரிதான். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கென்று 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டமே உண்டு. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவும் செய்ய வேண்டும். 11 மாதத்துக்குத்தானே எழுதினோம் என்று விட்டுவிட முடியாது. இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. வாடகை எவ்வளவு ஏறலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுதியதைப் பொறுத்தது. உங்களிடம் ஒப்பந்தமே இல்லை என்பதால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

அதனால் சண்டைக்குப் போகாமல் பேசிப் பாருங்கள். காலி செய்தால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, இங்கே பெயின்ட் அடிக்க என்று அட்வான்ஸில் ஒரு மாதம் பிடிப்பார்கள், சாமான் ஏற்ற வண்டி, ஆள் கூலி என்று 35,000 வரை கையை விட்டுப் போகும். 16,000-க்கு அவர் இறங்கி வந்தால் வருடத்துக்குக் கூடுதலாகப் போவது 24,000 தான், இருந்துவிடுங்கள். ஆனால் இந்த முறை எழுதி வாங்குங்கள், அடுத்த உயர்வு எப்போது, எத்தனை சதவீதம், கரன்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, காலி செய்யும்போது அட்வான்ஸில் என்ன பிடிப்பார்கள் என்பது வரை. வாடகையை இனி ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

திருச்சியில் 32,000 சம்பளம், அப்பா கட்டிய வீடு. சென்னையில் சிறுசேரி பக்கம் 45,000-க்கு வேலை வந்திருக்கிறது. மனைவி, ஐந்து வயதுப் பையனோடு போகலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

சென்னையில் எல்லாமே விலை அதிகம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒவ்வொன்றாகப் பார்த்தால் அப்படி இல்லை. மின் கட்டணம் மாநிலம் முழுக்க ஒன்று, ரேஷன் ஒன்று, ஆவின் பால், சிலிண்டரில் பெரிய வித்தியாசம் கிடையாது, சாதாரண நகரப் பேருந்தில் உங்கள் மனைவிக்கு இங்கேயும் டிக்கெட் இல்லை, அங்கேயும் இல்லை. வித்தியாசம் வருவது நான்கே இடத்தில்: கூரை, தண்ணீர், பள்ளிக்கூடம், போக்குவரத்து. சிறுசேரியிலிருந்து எட்டிப் போகிற தூரத்தில் இரண்டு படுக்கையறை வீடு பார்த்தால் கூடுதலாகக் கிடைக்கிற 13,000 மொத்தமும் வாடகைக்கே போய்விடும். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) ஓரம் பல குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பி இருப்பவை, அதற்கும் சேர்த்துத்தான் பராமரிப்புத் தொகை. குடிக்க கேன் தனி. அதற்கு மேல் பையனின் பள்ளிக் கட்டணம்.

போகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வருடத்தில் சம்பளம் நன்றாக ஏறும் வாய்ப்புள்ள வேலை என்றால் கிளம்புங்கள், ஆனால் முதல் வருடம் நீங்கள் மட்டும் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கிப் பாருங்கள். அதே இடத்தில் நிற்கிற வேலை என்றால், வாடகை இல்லாத திருச்சி வீட்டில் 32,000 வாங்குகிற நீங்கள்தான் அதிகம் மிச்சம் பிடிப்பீர்கள்.

ஊரப்பாக்கத்தில் 15,000 வாடகையில் இருக்கிறோம். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்ததிலிருந்து விலை ஏறிக்கொண்டே போகிறது. பத்து வருடப் பழைய ஃபிளாட் ஒன்று 55 லட்சத்துக்கு வருகிறது, இப்போது விட்டால் எப்போதும் வாங்க முடியாது என்கிறார்கள். கணவருக்கும் எனக்கும் சேர்த்து மாதம் 75,000 வருகிறது.
– ஒரு வாசகி, ஊரப்பாக்கம்

அந்த "இப்போது விட்டால்" என்ற பயத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

55 லட்சம் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 44 லட்சம் தரலாம். பத்திரப் பதிவுச் செலவு அந்தக் கணக்கில் வராது. பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம், கிட்டத்தட்ட 5 லட்சம். ஆக 40 லட்சம் கடன் வாங்கினால் உங்கள் கையிலிருந்து 20 லட்சம் வர வேண்டும். அதில் எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு நகையை அடகு வைத்தது என்று நீங்கள் எழுதவில்லை, முடிவே அதில்தான் இருக்கிறது.

அப்புறம் மாதத் தவணை. 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு 34,713 ரூபாய். முதல் மாதம் அதில் 28,333 வட்டிக்குப் போய்விடும். முதல் வருடம் முழுக்க 4 லட்சத்து 16 ஆயிரம் கட்டியிருப்பீர்கள், அசலில் குறைந்திருப்பது 80,000 கூட இருக்காது. வட்டியும் இப்படியே நிற்காது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2020 மே மாதம் 4 சதவீதம், 2023 பிப்ரவரியில் 6.5. அந்தச் சமயத்தில் பல பேருக்குத் தவணை அப்படியே இருந்தது, வருடங்கள் மட்டும் நீண்டுகொண்டே போயின. உங்கள் கடனில் வட்டி 1 சதவீதம் ஏறி, தவணை அதே 34,713 என்று வைத்தால் 240 மாதம் 309 மாதமாகிவிடும். ஐந்தே முக்கால் வருடம் கூடுதல்! 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வங்கி உங்களுக்குத் தர வேண்டும். வங்கியிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

75,000-ல் தவணையும் பராமரிப்பும் போனால் பாதிதான் மிஞ்சும், இருவரில் ஒருவருக்கு ஆறு மாதம் வேலை இல்லையென்றால் தாங்குமா? நகையைத் தொடாமல் 20 லட்சம் புரளும், ஆறு மாதத் தவணை தனியாக வங்கியில் இருக்கும், இன்னும் பத்து வருடம் ஊரப்பாக்கத்தை விட்டு நகரப் போவதில்லை என்றால் வாங்குங்கள், அதற்கு முன் அடுக்குமாடி நிற்கிற நிலத்தில் உங்கள் ஃபிளாட்டுக்குச் சேரும் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். கட்டடம் பழசாகும், நிலத்துக்குத்தான் விலை ஏறும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் 15,000 வாடகையில் இருந்துகொண்டு இன்னும் இரண்டு வருடம் சேருங்கள். வாடகை கொடுப்பது வீண் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். முதல் மாதமே 28,333 வட்டி கட்டுவதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

கோவையில் சென்ட் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதுங்க. ஊரைத் தாண்டி அப்ரூவல் இல்லாத சைட் பாதி விலைக்குக் கிடைக்கிறது, பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், கோவை

வேண்டாங்க. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்றுப் பதிவான மனைகளுக்குத்தான், அனுமதி இல்லாததை முறைப்படுத்திக்கொள்ளும் வரன்முறைத் திட்டம் வந்தது. இன்று புதிதாகப் பிரிக்கிற மனைக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி இல்லையென்றால் பதிவும் நடக்காது, வீடு கட்ட பிளானும் கிடைக்காது, வங்கிக் கடனும் வராது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், ரசீதும் எழுதிக்கொண்ட ஒப்பந்தமும் எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள்.