கந்தர்மடத்தில் மடம் வேண்டாமாம்!

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடந்த வெளிநாட்டுக்காரர் வீடு ஒன்றை எடுத்து, வீடு வாசல் இல்லாதவர்கள் இரவில் தங்க விட்டிருக்கிறார்கள். சேவைக்கு நாங்கள் எதிரில்லை. ஆனால் ரியூசன் முடிந்து பெண்பிள்ளைகள் வரும் பாதை இது. விடியப்புறம் மதிலோரம் சிறுநீர் கழிக்கிறார்கள். காணி விலையும் விழும் என்கிறார்கள். பிள்ளைகள் உள்ளவர்களை அந்தப் பிள்ளைகளிடமே அனுப்பலாம். மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே ஓர் இடம் பார்க்கலாம். பெட்டிசம் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். உங்கள் கருத்து என்ன?
- பெயர் வேண்டாம், கந்தர்மடம், யாழ்ப்பாணம்

பதில்: ஊரின் பெயரை எழுதிய கையோடு அதை ஒருமுறை வாசித்துப் பார்த்தீர்களா? பெயரிலேயே மடம் இருக்கிறது, வழிப்போக்கர் தங்கும் மடம். பக்கத்தில் ஓட்டுமடம், ஆறுகால்மடம். பருத்தித்துறைக்குப் போனால் தெருமூடி மடம். நடுவே தெரு போகிறது, இரண்டு பக்கமும் திண்ணை, தலைக்கு மேல் கூரை. வந்து படுப்பவனை யாரென்று கேட்க அதற்குக் கதவே கிடையாது. தலைச்சுமை இறக்கச் சுமைதாங்கியும், மாடு முதுகு உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் நட்டு வைத்த ஊர் இது. (அந்தக் காலத்தில் சாதி பார்த்துத்தான் பல இடங்களில் ஆளை ஏற்றினார்கள் என்பதும் தெரியும். பழசுக்குப் பல்லக்குத் தூக்க நான் வரவில்லை.)

திண்ணையில் படுப்பதைக் குற்றமாக்கியவன் வெள்ளைக்காரன். அலைந்து திரிவோருக்கென்று 1841 இல் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தான். அனுமதியில்லாமல் அடுத்தவர் விறாந்தையிலோ கொட்டிலிலோ ஆளில்லாத வீட்டிலோ வண்டியிலோ ஒருவன் படுத்திருந்து, பிழைப்புக்கு வழியும் காட்ட முடியாவிட்டால், அவனைப் பிடித்துத் தண்டிக்கலாம். சுதந்திரம் கிடைத்துப் பல பத்தாண்டுகள் போன பின்னும் நாங்கள் அதைக் கட்டிக் காத்தோம். உங்கள் பெட்டிசத்தில் அந்த வாடைதான் அடிக்கிறது.

சரி, முறைப்பாடுகளுக்கு வருவோம். மதிலோரச் சிறுநீர் நியாயமான முறைப்பாடு. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் உள்ளே எத்தனை பேருக்கு எத்தனை கழிவறை என்று கேட்டீர்களா? விடியப்புறம் ஆட்களை வெளியே விட்டுக் கேற்றைப் பூட்டிவிட்டால் மனிதன் எங்கே போவான்? பி.எச்.ஐ.யை, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். இரவுக் காவலுக்கு ஆள் உண்டா, குடித்துவிட்டு வருபவரை என்ன செய்கிறார்கள், பிரச்சினை வந்தால் அயலவர் எந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுப்பது என்று நடத்துபவர்களிடமே கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். தொண்டு செய்கிறோம் என்பதற்காக அயலைப் புறக்கணிக்க அவர்களுக்கும் உரிமையில்லை.

பெண்பிள்ளைகள் விடயம். உங்கள் ஒழுங்கையில் தெருவிளக்கு எரிகிறதா? ரியூசன் விடும் நேரம் மோட்டார் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் வீடில்லாதவர்களா? நன்றாக வீடு உள்ள, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வருகிற பிள்ளைகள்தானே! அவர்களுக்கு எதிராக யாரும் பெட்டிசம் எழுதி நான் பார்க்கவில்லை.

‘பிள்ளைகளிடம் அனுப்பலாம்’ என்கிறீர்கள். இதைத்தான் கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் ஊரில் தகப்பன் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதுகிறான். புத்தியுள்ளவன் சீவிய உரித்து, அதாவது தான் சாகும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை, வைத்து எழுதுவான். பாசம் கூடியவன், ‘என்ர பிள்ளை என்னை விடுவாளோ’ என்று அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவான். பிறகு மகள் குடும்பத்தோடு கனடாவில், ஸ்காபரோவில். வீடு பூட்டில், அல்லது கைமாறியாயிற்று. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. கைவிடப்பட்ட முதியவர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளையின் மேல் முறைப்பாடு எழுதிக் கையெழுத்துப் போடும் யாழ்ப்பாணத்துத் தகப்பனை நான் இன்னும் சந்திக்கவில்லை. போட்டாலும் கடிதம் எந்த நாட்டுக்குப் போவது?

பஸ் நிலையப் பக்கம் ஒருவரைச் சில வருடங்களாகத் தெரியும். விடிய முன் எழும்பிவிடுவார். படுத்த கார்ட்போட் மட்டையை நான்காக மடித்து, கிழிந்த சேலைத் துண்டால் கட்டி, கடைச் சுவருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையில் செருகுவார். பிறகு கடைப் படியைக் கையாலேயே கூட்டித் துடைப்பார். முதலாளி வந்து பார்க்கும்போது அங்கே ஆள் படுத்த அடையாளமே இருக்கக் கூடாது. அவரிடம் உள்ள ஒரே சொத்து, இரண்டு சொப்பிங் பையில் சுற்றிய கிளினிக் கொப்பி. கிளினிக் நாள் மட்டும் அவருக்குத் தவறாது, பெரியாஸ்பத்திரி நடந்து போகும் தூரத்தில் இருப்பதால். இவரை ‘ஊருக்கு வெளியே’ எங்கே வைக்கப் போகிறீர்கள்? பஸ் காசை யார் கொடுப்பது? பெரும்பாலும் ஒரு மாதத்தில் மருந்து நிற்கும், அதற்கடுத்த மாதம் அவர் மறுபடியும் அதே படியில், இந்தமுறை தனக்குள் பேசிக்கொண்டு.

படுக்கையைவிட அவருக்கு அவசரமாக வேண்டியது ஒரு விலாசம். அடையாள அட்டை தொலைந்தால் புதிதாக எடுக்கக் கிராம அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும். கடைப்படி எந்த வீட்டு இலக்கம்? 2023 இல் வந்த அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவித் திட்டம் வீடு வீடாகக் குடும்பத்தைப் பார்த்துக் கணக்கெடுக்கிறது. வீடே இல்லாதவன் எந்தக் கணக்கில்? ஊரில் பிச்சைச் சம்பளம் என்று சொல்லும் உதவிப்பணத்துக்கும் இதே கதைதான். உங்கள் ஒழுங்கை வீட்டின் இலக்கத்தை ஒரு படிவத்தில் எழுத முடிந்தால் அப்புறம் மற்றக் கதவுகள் மெல்லத் திறக்கும்.

காணி விலை? விற்கப் போகிறீர்களா? இல்லையென்றால் விடுங்கள்.

கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டீர்களாதலால் தாளை வீணாக்க வேண்டாம். ‘அகற்றவும்’ என்ற வரியை வெட்டிவிட்டு, மேலதிகக் கழிவறை, இரவுக் காவலாளி, தொலைபேசி இலக்கம் என்று எழுதுங்கள். தெருவிளக்குக்குத் தனியாக மாநகர சபைக்கு ஒன்று. இரண்டையும் எனக்கு அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அதற்கு மட்டும் உங்கள் பெயரையும் எழுத வேண்டியிருக்கும்.