ஷூ ஆர்டர் குறைஞ்சா பையனுக்கு வேலை எங்க?

கேள்வி: ஆம்பூர்ல ஷூ கம்பெனில அப்பர், அதாவது ஷூவோட மேல்பாகம் தைக்கிறேன். அமெரிக்கா வரி போட்டதுலருந்து ஓவர்டைமே இல்ல. பையன் ஐடிஐ எலக்ட்ரீசியன். நம்ம பக்கமே வேலை கிடைக்குமா?
ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: கிடைக்கும்மா, அவசரப்பட்டு பெங்களூர் பஸ் ஏத்திடாதீங்க. 2025 ஆகஸ்ட்ல 50 சதவீதம் வரி வந்தப்ப உங்கள மாதிரி மெஷின்ல உக்கார்ற பொம்பளைங்க பொழப்புலதான் கை வச்சுது, மனசு கேக்கல. பிரிட்டனோட 2025 ஜூலைல போட்ட ஒப்பந்தத்துல நம்ம தோல் ஷூவுக்கு அங்க போடுற வரிய நீக்குறதா இருக்கு, அது உங்களுக்கு நல்லதுதான்.

பையனுக்கு, ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துல டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி முதலீட்டுல கார் பேக்டரின்னு 2024 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டுனாங்க, 5,000 பேருக்கு வேலைன்னு சொன்னாங்க, ஆனா ஆம்பூர்லருந்து தினமும் போய் வர்ற தூரமில்ல, அதனால ரூம் வாடகைய விசாரிச்சுட்டு சம்பளம் பேசட்டும்.

என்ன கேட்டா மாடி சோலார்தான் முதல்ல. மத்திய அரசு சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம் தருது, பேனல் மாட்ட ஆள் வேணும்ல, அவன் இன்வெர்ட்டர், டிசி வயரிங், எர்த்திங் சுத்தமா கத்துக்கிட்டா வாணியம்பாடி, குடியாத்தம்னு பக்கத்துலயே வேலை பாக்கலாம். சோலார் பேனல் மாட்டக் கத்துக் குடுக்குற சூர்யமித்ரா பயிற்சி பத்தி ஐடிஐல கேக்கச் சொல்லுங்க.