துபாய் பணம், சாம்பல் பட்டியல், மண்டபம் தங்கம்

கேள்வி: என் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். வங்கி வழியாகத்தான் அனுப்புகிறார். ஒருமுறை கொஞ்சம் பெரிய தொகை வந்ததும் சம்பளச் சீட்டு எங்கே என்று குடைந்துவிட்டார்கள். அந்த நாடு 'கிரே லிஸ்ட்'டில் இருந்ததால்தான் என்கிறார் மச்சான். அது யார் போடுகிற லிஸ்ட்?
- வாசகி, கீழக்கரை

பதில்: எஃப்ஏடிஎஃப் (FATF) என்ற சர்வதேச அமைப்பு போடுகிறது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதையும் தீவிரவாதத்துக்குப் பணம் போவதையும் தடுப்பதில் ஓட்டை இருக்கிற நாடுகளைக் கண்காணிக்கப் போடும் பட்டியல்தான் 'கிரே லிஸ்ட்'. 1989ல் ஜி7 நாடுகள் தொடங்கியது, தலைமையிடம் பாரிஸ். ஐக்கிய அரபு அமீரகம் 2022 மார்ச்சில் அந்த லிஸ்டில் ஏறி 2024 பிப்ரவரியில் இறங்கிவிட்டது, அதனால் மச்சான் சொல்வது பழைய கதை. நம்ம ஊர் வங்கி கேட்பதற்குக் காரணம் நம்ம ஊர் விதிதான்: 5 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தால் டெல்லியில் இருக்கும் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தகவல் போகும். தகவல் போனால் குற்றவாளி என்று அர்த்தமில்லை. சீட்டைக் கொடுத்துவிடுங்கள், முடிந்தது.

கேள்வி: மண்டபம், வேதாளை பக்கம் இலங்கையிலிருந்து படகில் வந்த தங்கம் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறதே, இதனால் அந்த எஃப்ஏடிஎஃப் இந்தியாவுக்குப் போடும் மார்க் குறையாதா?
- வாசகர், பாம்பன்

பதில்: பிடிபட்டதற்காகக் குறையாது. பிடிக்காமல் விட்டால், பிடித்தும் வழக்கு இழுத்துக்கொண்டே போனால் குறையும். எஃப்ஏடிஎஃப் சார்பில் மற்ற நாடுகளிலிருந்து வரும் அதிகாரிகள் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். அந்த அமைப்பின் 40 பரிந்துரைகளின்படி சட்டம் இருக்கிறதா என்பது ஒன்று. அந்தச் சட்டம் நிஜத்தில் வேலை செய்கிறதா என்று 11 தலைப்புகளில் பார்ப்பது இன்னொன்று, என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான பரீட்சை, ஏனென்றால் சட்டத்தை எந்த நாடும் அழகாக எழுதிவிடும். 2024ல் வந்த இந்தியா அறிக்கையில் சட்டத்துக்கு நல்ல மார்க்தான், 40ல் 37 தேறியது. ஆனால் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் வழக்குகளில் விசாரணை முடிந்து தீர்ப்பு வருவதில் உள்ள தாமதத்தைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறார்கள், நம் கோர்ட்டுப் பக்கம் போய்வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்புறம், தங்க இறக்குமதி வரியை 2024 ஜூலை பட்ஜெட்டில் 15லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்களே, கடத்துகிறவனின் லாபத்தில் கைவைத்தது அதுதான்.

கேள்வி: துபாயில் இருக்கும் தம்பி உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் வழியாக, ஹவாலா என்பார்களே) அனுப்பினால் ரேட்டும் கூட, பணமும் வாசலுக்கே வருகிறது. யாருக்கு என்ன நஷ்டம்?
- வாசகர், தொண்டி

பதில்: வாசலுக்கு வருகிற அந்த நோட்டு யாருடையது என்று எப்போதாவது யோசித்தீர்களா? உங்கள் தம்பி அங்கே கொடுத்த திர்ஹம் கடல் தாண்டி வரவே இல்லை. பல நேரம் அதில் அங்கேயே தங்கம் வாங்கி, குருவி (விமானத்தில் சரக்கு கொண்டுவரும் ஆள்) மூலமாகவோ படகிலோ இங்கே இறக்கி, கணக்கில் வராமல் விற்று, அந்த ரொக்கத்தைத்தான் வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். முந்தைய கேள்வியின் தங்கமும் உங்கள் உண்டியலும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். இப்படி ஓடும் பணத்தில் லஞ்சம், போதைப்பொருள் காசு எது கலந்தாலும் தடம் பிடிக்க முடியாது, அதனால்தான் ஒரு நாட்டின் ஆபத்தை எடைபோடும்போது ரொக்கப் புழக்கத்தையும் உண்டியலையும் முதலிலேயே பார்க்கிறார்கள். நல்ல ரேட் கிடைப்பதும் அந்தத் தங்க லாபத்தில் ஒரு துளிதான். வாங்கிக்கொள்கிற உங்களையும் அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது, வாங்கிய தொகையைப்போல 3 மடங்கு வரை அபராதம் போட அதில் இடமிருக்கிறது.