வியட்நாம், கம்போடியா விசாவை நாமே எடுக்க முடியுமா, ஏஜென்ட் வேண்டுமா?

நாமே எடுக்கலாம். கேட்டவர் தர்மபுரி, முதல் வெளிநாட்டுப் பயணம், முதுகுப் பையோடு ஒரு மாதம் சுற்ற ஆசை என்கிறார். எனக்குப் பக்கத்து ஊர், காவேரிப்பட்டணம். அந்த வழியில் போய் வந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தடவை நானும் ஒரு ஏஜென்டிடம்தான் கொடுத்தேன். 25 டாலர் விசாவுக்கு அதைப்போல இரண்டு பங்கு வாங்கினார். அதுகூடப் பரவாயில்லை, பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்திருந்தார். பெங்களூருவில் விமானம் ஏற நான்கு நாள் இருக்கும்போதுதான் கண்ணில் பட்டது. கட்டிய பணம் திரும்ப வராது. புதிதாக விண்ணப்பித்து, டிக்கெட்டையும் தள்ளிப்போட்டேன். அப்பா மாங்காய் விற்றுக் கொடுத்த பணம் அது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை. படிவத்தை உங்கள் கையாலேயே நிரப்புங்கள் என்று சொல்வது அதனால்தான்.

வியட்நாம் 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை இ-விசா (இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கும் விசா) தருகிறது. ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை நுழைய 50 டாலர். சைகோனில் (ஹோ சி மின் நகரம்) பஸ் ஏறி மோக் பாய் எல்லை வழியாகக் கம்போடியா போய்விட்டு, ஊர் திரும்பும் விமானத்துக்காக மறுபடி வியட்நாமுக்குள் வருவீர்களா? அப்படியானால் ஒருமுறை விசா அந்த எல்லையிலேயே முடிந்துவிடும். கையில் அறுபது நாள் மிச்சமிருந்தாலும் செல்லாது. முதலில் ஒரு தாளில் வழியை வரைந்து, எந்த நாட்டுக்குள் எத்தனை தடவை நுழைகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். விசா வகையை அதன் பிறகு முடிவு செய்யலாம். எந்த விமான நிலையம் அல்லது எல்லைச் சாவடி வழியாக உள்ளே வருகிறீர்கள் என்பதையும் படிவத்தில் கேட்பார்கள். கம்போடியாவுக்கும் இ-விசா உண்டு, 30 நாள், ஒரு நுழைவு. அரசுத் தளம் போலவே வேடம் போட்ட தளங்கள் நிறைய. வியட்நாம் அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி புள்ளி விஎன்’ என்று முடியும்.

நம் ஊர்க்காரர்களை அதிகம் படுத்துவது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் மா. முனிராஜ், ஆதாரில் முனிராஜ் எம், பாஸ்போர்ட்டில் முனிராஜ் மாதையன் என்று ஒரே ஆள் மூன்று பேராக நிற்பார். விசாவுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளது மட்டுமே பெயர். படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். அங்கே பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசை, அதே எழுத்து. இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை என்றால், சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாமல் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டுவிடுங்கள். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்க மாட்டோம் என்றது ஐக்கிய அரபு அமீரகம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் எத்தனை பேர் தவித்திருப்பார்கள்!

அடுத்து ஐரோப்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஷெங்கன் விசா வேறு கதை. 29 நாடுகளுக்கு ஒரே விசா, எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம், கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். விவசாயக் குடும்பங்கள் தடுமாறுவது வங்கிக் கணக்கில். தோப்புக் குத்தகைப் பணம் ஒரே நாளில் மொத்தமாக விழும். பார்ப்பவருக்கு யாரோ கடனாகப் போட்டு வைத்ததுபோலத் தெரியும். குத்தகைப் பத்திரம், மண்டி ரசீது, சிட்டா ஆகியவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து, அந்தப் பணம் எப்படி வந்தது என்று விளக்கக் கடிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள்.

பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசாவை இரண்டு பிரதி அச்செடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் கையில் வைத்திருங்கள். அதை முதலில் கேட்பது அந்த நாட்டு அதிகாரியாக இருக்காது, பெங்களூருவில் போர்டிங் பாஸ் கொடுக்கும் கவுண்டரிலேயே கேட்பார்கள்.